கழுகுப்பொடவுச் சுரங்கம் வழியாகப் பெண் பார்க்கப் போனோம்

கொக்கலாங்குளத்துக்காரர்களுக்கு எதைச் சொன்னாலும் புரியாது என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அநியாயமான பேச்சு. சொன்னது எங்களுக்கு நன்றாகவே புரியும். சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்கிற பழக்கம்தான் எங்கள் ஊரில் கிடையாது. நானும் அந்த ஊர்க்காரன்தான். பெயர் கொம்பையா. எழுத்துக்கூட்டாமல் வாசிப்பேன் என்பதால், ஊரார் எங்கே கிளம்பினாலும் என்னை முன்னால் விட்டு, வழியில் எழுதியிருப்பதையெல்லாம் உரக்க வாசிக்கச் சொல்வார்கள். நடந்தது எல்லாவற்றுக்கும் என் வாசிப்புதான் காரணம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். நான் பிழையில்லாமல்தான் வாசித்தேன்.

என் வீட்டுக்காரியின் தம்பி மாடக்கண்ணு. டிராக்டர் ஓட்டுகிறான். நல்ல உழைப்பாளி, வெற்றிலைகூடப் போடமாட்டான். ஆனாலும் பெண் அமையவில்லை. ஒரு வீட்டில் எல்லாம் கூடிவந்த நேரத்தில் பெண்ணின் அம்மா, "கை நனைச்சிட்டுத்தான் போகணும்" என்றாள். இவன் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குடத்துத் தண்ணீரில் கையை முக்கிவிட்டு, "நனைச்சிட்டேன் அத்தை, வாறேன்" என்று கிளம்பிவிட்டான். இலை போட்டுக் காத்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இன்னொரு வீட்டில், "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்றார்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு தரகர்கள் எங்கள் தெருப்பக்கம் வருவதில்லை. என் வீட்டுக்காரி அடிக்கடி மூக்கைச் சிந்துவாள். மாடக்கண்ணு யாரும் பார்க்காத நேரத்தில் கண்ணாடி முன் நின்று காதோரத்து நரையைக் கையால் மூடிப் பார்ப்பான், எடுத்துப் பார்ப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் செண்பகவடிவின் சாதகம் வந்தது. அவள் கழுகுப்பொடவு மலையில் வேலை பார்க்கிறாள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில், சப்பான்காரன் வந்தால் மறிப்பதற்கென்று அந்த மலையைக் குடைந்து சுரங்கமும் பதுங்குகுழியும் பீரங்கி மேடையுமாகக் கட்டியிருந்தார்கள். இப்போது மலை முழுவதையும் அப்படியே திறந்தவெளி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கு இன்னது இன்னதென்று விளக்கிச் சொல்வது அவள் வேலை.

அவளே எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, எனக்கு லீவு கிடைக்கல. அப்பாவும் நானும் உச்சியில பீரங்கி மேட்டுல இருப்போம். அடிவாரத்துலேருந்து சுரங்கம் வழியா நடந்து வாங்க, பாக்க நல்லாயிருக்கும். வழியெல்லாம் பலகை வெச்சிருக்கு. பலகையில போட்டிருக்கபடி செஞ்சா நேரா எங்கிட்ட வந்து சேந்துருவீங்க."

இதைக் கேட்டதும் எங்கள் நடைப்பயிற்சிக் குழுத் தலைவர் பிரமநாயகம் அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "மொத தடவையா நமக்குப் புரியுத மாதிரி ஒரு பொண்ணு பேசுதா கொம்பையா. இதை விடக்கூடாது."

அண்ணாச்சி, அவர் சம்சாரம் பூரணம் மதினி, மாடக்கண்ணு, நான். நாலு பேர் கிளம்பினோம். என் வீட்டுக்காரி வரவில்லை. தம்பி நல்லபடியாகத் திரும்பும்வரை சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கப் போவதாகச் சொன்னாள். மதினி கையில் தட்டு: தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, அல்வா.

அடிவாரத்தில் சீட்டுக் கொடுப்பவர் ஒரு விஷயம் சொன்னார். "பச்சைப் பலகை நாங்க இப்ப வெச்சது. சிவப்புப் பலகை சண்டைக் காலத்துல வெச்சது, அப்படியே பாதுகாத்து வெச்சிருக்கோம்."

"ரெண்டும் பலகைதானே?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"ஆமா, ரெண்டும் பலகைதான்."

"பிள்ளை பலகைன்னுதான் சொன்னா. பச்சைன்னு சொல்லல" என்றார் அண்ணாச்சி. தெளிவு பிறந்துவிட்டது. நடந்தோம்.

முதலில் பதுங்குகுழி. இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் மாதிரி வெட்டி, இரண்டு பக்கமும் கல் அடுக்கியிருந்தார்கள். வாசலில் சிவப்புப் பலகை. நான் வாசித்தேன்: "இங்கிருந்து குனிந்து செல்."

குனிந்தோம். பதுங்குகுழி முடிந்து திறந்த வெளி வந்தது. மாடக்கண்ணு குனிந்தபடியே கேட்டான், "அத்தான், எங்க நிமிரணும்?"

சுற்றிப் பார்த்தேன். "அப்படி ஒரு பலகையும் இல்ல மாப்ளே."

"குனியச் சொன்னவனுக்கு நிமிரச் சொல்லத் தெரியாதா? சொல்லுத நேரத்துல சொல்லுவான்" என்றார் அண்ணாச்சி. அதுவும் நியாயமாகப் பட்டது.

எங்களுக்கு எதிரே ஒரு குடும்பம் வந்தது. நாலு பேர் தரையைப் பார்த்தபடி நடப்பதைக் கண்டு, "என்னத்தைத் தொலைச்சீங்க?" என்று அதில் ஒருவர் கேட்டார். "இதுவரை ஒண்ணும் தொலைக்கல" என்று மதினி உண்மையைச் சொன்னாள். வெட்கத்தில் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர்களும் குனிந்து தேட ஆரம்பித்தார்கள். பின்னால் வந்த கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் மலைச்சரிவு பூராவும் ஆட்கள் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவருக்குப் புதருக்குள்ளிருந்து ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்தது. போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. எங்கள் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது சுரங்கத்தின் வாய். அங்கே இரண்டு பலகைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சிவப்பு சொன்னது: "பேசாதே. எதிரி கேட்டுக்கொண்டிருக்கிறான்." பச்சை சொன்னது: "சுரங்கத்தினுள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்தபடி செல்லவும்."

எங்களுக்கு வியர்த்துவிட்டது. பலகைகளுக்குக் கேட்காத தூரத்துக்குப் பின்வாங்கி, குனிந்தபடியே வட்டமாக நின்று ஆலோசித்தோம்.

"பேசினாத் தப்பு, பேசாட்டியும் தப்பு. வீடு மாதிரியே இருக்கு" என்றார் அண்ணாச்சி.

"எதிரி கேட்டா என்ன கெட்டுப்போச்சு?" என்றேன் நான். "நாம பேசி இதுவரைக்கும் யாருக்காவது ஒரு பிரயோசனம் இருந்திருக்கா? எதிரிக்கு மட்டும் எப்படி இருக்கும்?"

இதை மூவரும் ஆழ்ந்து யோசித்து, மறுக்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மாடக்கண்ணு கலங்கிப்போய், "எதிரி கேட்டாலும் கேக்காட்டாலும் பேசாதேன்னு போட்டிருக்கே அத்தான். நான் இதுவரை தப்புப் பண்ணினது போதாதா?" என்றான்.

அப்போதுதான் பூரணம் மதினி வழி சொன்னாள். "பேசாதேன்னுதான் போட்டிருக்கு. பாடாதேன்னு போடலியே. குரல் குடுத்த மாதிரியும் ஆச்சு."

அண்ணாச்சி தம் சம்சாரத்தைப் பெருமையோடு பார்த்தார். குனிந்திருந்ததால் கால்வரைக்கும்தான் பார்க்க முடிந்தது.

ஒரு சின்னச் சங்கடம். எங்கள் நாலு பேரில் ராகம் போட்டுப் பாடத் தெரிந்தவள் மதினி ஒருத்திதான். அவளுக்கும் தெரிந்தது ஒப்பாரி ராகம் ஒன்றுதான். அதையே நாங்கள் மூன்று பேரும் பிடித்துக்கொண்டோம்.

"படியிருக்கு ராசா... பாத்து வையி காலை..." என்று அண்ணாச்சி முன்னால் இழுக்க, "வச்சிட்டேன் அண்ணாச்சி... வழுக்குதே பாறை..." என்று மாடக்கண்ணு இழுத்தான். சுரங்கம் அதை வாங்கி நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. கூரையில் அங்கங்கே காற்றுப் போவதற்கு உச்சிவரைக்கும் துளை போட்டிருந்தார்கள். எங்கள் பாட்டு அது வழியாக மேலே போய்க்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு சிவப்புப் பலகை. "விளக்கை அணை." பலகைக்குக் கீழேயே சுவிட்சு இருந்தது. அண்ணாச்சி அணைத்தார். உள்ளே எங்கேயோ தூரத்தில் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் அலறினார்கள்.

"உள்ள ஏதோ பயப்படுத மாதிரி இருக்கு போல..." என்று அண்ணாச்சி ராகத்தோடு சொன்னார். "நல்லவேளை... விளக்கை அணைச்சோம்..."

சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்காக விட்டிருந்த துவாரங்கள் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழுந்தது. அந்த வெளிச்சத்தில் தடவித் தடவிப் போனோம். திடீரென்று முன்னால் போன மாடக்கண்ணு யார்மீதோ மோதி நின்றான். தொப்பியும் மீசையுமாக ஓர் ஆள். ஒரு கையை நீட்டி வழியை மறித்தபடி அசையாமல் நின்றார். பொம்மை என்று இப்போது தெரியும். அப்போது தெரியவில்லை.

"பெண் வீட்டுக்காரவுக போல..." என்று மதினி மெதுவாகப் பாடினாள். "மாமாவோ சித்தப்பாவோ... கும்பிடு ராசா..."

மாடக்கண்ணு கும்பிட்டான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் சிவப்புப் பலகை இருந்தது. துவாரத்து வெளிச்சத்தில் நான் வாசித்தேன்: "காவலரிடம் அடையாளச் சொல்லைச் சொல்."

என்ன சொல் என்று பலகையில் போடவில்லை. தெரிந்த சொல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தோம். "மாங்கா... கருப்பட்டி... டிராக்டர்... தாசில்தார்..." எதற்கும் அவர் அசையவில்லை. மாடக்கண்ணுவின் குரல் உடைந்துவிட்டது. ராகம் சரியாக அமைந்ததே அப்போதுதான். "என்னை ஒங்களுக்குப் பிடிக்கலியா ஐயா... ஒரு வார்த்தை சொல்லுங்களேன்..." என்று அவன் பாடினான்.

மதினி அல்வாப் பொட்டலத்தை எடுத்து அவருடைய நீட்டிய கையில் வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாங்கள் அவருடைய கைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போனோம். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனுஷர் என்று பேசிக்கொண்டோம். பாடிக்கொண்டோம்.

அடுத்த பலகை: "ஆயுதங்களை இங்கே ஒப்படை." சுவரில் மாடம் மாதிரி குடைந்திருந்தது. அண்ணாச்சி கைத்தடியை வைத்தார். மதினி பாக்குவெட்டியை வைத்தாள். பிறகு தட்டிலிருந்த தேங்காயை நாலு பேரும் பார்த்தோம்.

"எறிஞ்சா மண்டை உடையுமா... உடையாதா..." என்று அண்ணாச்சி கேட்டார்.

உடையும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. தேங்காயையும் வைத்தோம். பெண் பார்க்கப் போகிறவர்கள் அல்வாவும் இல்லாமல் தேங்காயும் இல்லாமல், பழமும் பூவும் வெற்றிலையுமாக மிச்சத் தட்டோடு படியேறினோம்.

மேலே வெளிச்சம் தெரிந்தது. வாசலுக்கு முன்னால் கடைசிப் பலகை. பிடிபட்ட எதிரிகளுக்காக எழுதி வைத்ததாம். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? "கைகளை உயர்த்தியபடி வெளியே வா" என்றிருந்தது. தட்டை அண்ணாச்சியின் தோளில் கிடந்த துண்டில் கட்டி அவர் முதுகில் மாட்டினோம். இடுப்பை வளைத்து, கையைத் தூக்கி, ஒப்பாரி பாடிக்கொண்டே பீரங்கி மேட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே பெண்ணின் அப்பா மேகலிங்கம் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, துக்க முகத்தோடு நின்றிருந்தார். காற்றுத் துளை வழியாக எங்கள் ஒப்பாரி ராகம் அவருக்குக் கேட்டிருக்கிறது. முன்னால் வந்து தணிந்த குரலில் கேட்டார், "யாரு தவறிட்டா?"

பேசலாம் என்று இன்னும் எந்தப் பலகையும் சொல்லவில்லை. ஆகையால் நான் ராகத்தோடு பதில் சொன்னேன். "யாரும் தவறலியே... ஐயா யாரும் தவறலியே... ஒங்க பொண்ணைப் பாக்க வந்திருக்கோம்... நாங்க நாலு பேரும் வந்திருக்கோம்..."

மேகலிங்கத்தின் முகம் போன போக்கை நான் விவரிக்க விரும்பவில்லை.

அவருக்குப் பின்னால் செண்பகவடிவு நின்றாள். காக்கிச் சட்டை போட்டு, கழுத்தில் விசில் தொங்கவிட்டிருந்தாள். எங்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். பிறகு நாங்கள் வந்த வழியைப் பார்த்தாள். என்ன நடந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நிதானமாகச் சொன்னாள்.

"எல்லாரும் நிமிருங்க. கையை இறக்குங்க. இனிமே பேசுங்க."

வாழ்க்கையில் இத்தனை தெளிவாக எங்களிடம் யாரும் பேசியதில்லை. நிமிர்ந்தோம். இடுப்பு மட்டும் சொன்னபடி கேட்கவில்லை.

மேகலிங்கம் மகளைத் தனியே இழுத்தார். தனியே என்றாலும் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "ஏட்டி, இதுகளுக்கு மண்டையில ஒண்ணுமே இல்ல. எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

"நின்னுக்கிட்டுதானப்பா இருக்கேன்" என்றாள் வடிவு. மாடக்கண்ணு சட்டென்று தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான்.

அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "எல்லாப் பலகையும் படிச்சீங்களா?"

"படிச்சது அத்தான்" என்றான் மாடக்கண்ணு. "நான் அதுபடி செஞ்சது மட்டுந்தான்."

"செய்யுததுதானே கஷ்டம்" என்றாள் அவள். அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, தினமும் நான் இங்க நிக்கேன். தொடாதீங்கன்னு போட்ட இடத்துலதான் கைரேகை. எழுதாதீங்கன்னு போட்ட சுவத்துலதான் அம்பு விட்ட இதயம். பீரங்கி வாய்க்குள்ள சிப்ஸ் பாக்கெட்டைத் திணிச்சிட்டுப் போறாங்க. கேட்டா, பலகையைப் பாக்கலன்னு சொல்லுதாங்க. தொண்டை கிழியக் கத்துதேன், ஒருத்தரும் காதுல வாங்குததில்ல. சொன்னதைச் செய்யுத ஒரு ஆம்பளையை இன்னைக்குத்தான் பாக்கேன்."

அவள் குரல் லேசாக நடுங்கியது.

வடிவு மாடக்கண்ணுவின் முன்னால் வந்து நேராகவே கேட்டுவிட்டாள். "பிடிச்சிருக்கா?"

மாடக்கண்ணுவுக்கு முகம் வெளுத்தது. இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "இல்லியே. நான் ஒண்ணையும் பிடிக்கல. கையை இப்பத்தானே இறக்கினேன்."

மேகலிங்கம் துண்டைத் தோளில் போட்டுக் கிளம்பத் தயாரானார். என் வீட்டுக்காரி சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பது என் கண்ணில் வந்து நின்றது. எங்கள் அண்ணாச்சி, "நல்ல பதில், சுத்தமான பதில்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மதினிதான் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "எலே, ஒனக்கு அவ மேல ஆசை இருக்கான்னு கேக்கா!"

"அதுவா?" என்றான் மாடக்கண்ணு. காதுவரைக்கும் சிவந்து, தரையைப் பார்த்தான். "நிமிரச் சொன்ன நேரத்துலேருந்து இருக்கு."

வடிவு விசிலைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். விசில் ஊதிவிட்டது. தூரத்தில் பீரங்கிமீது ஏறிக்கொண்டிருந்த ஒருவன் பயந்து இறங்கினான்.

அப்புறம் மேகலிங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகள் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான் என்று அவரே சொன்னார். அண்ணாச்சி முதுகிலிருந்து தட்டை எடுத்தோம். பழம் நசுங்கியிருந்தது, தட்டு மாற்றிக்கொண்டோம். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. மாடக்கண்ணு பூவை நீட்ட, வடிவு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். சுரங்கத்தில் யாரோ விளக்கை அணைத்துவிட்டதாக அவளைக் கூப்பிட்டார்கள். கிளம்ப வேண்டிய நேரம். பீரங்கி மேட்டுக்குக் கீழேயே தார்ரோடும் பஸ் நிறுத்தமும் இருந்தன. எல்லாரும் பஸ்ஸில்தான் வருவார்களாம்.

அண்ணாச்சி எங்களை அருகில் அழைத்து, "இன்னையிலேருந்து அந்தப் பிள்ளை சொல்லுததுதான் நமக்குப் பலகை. ஒரு எழுத்துப் பிசகக்கூடாது" என்றார். ஒப்புக்கொண்டோம்.

"சரி, போயிட்டு வாங்க" என்றாள் வடிவு கும்பிட்டபடி.

பஸ் நிறுத்தம்வரைக்கும் போனோம். வந்தோம்.

"என்ன, எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லம்மா. போயிட்டு வந்துட்டோம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நல்லது. போயிட்டு வாங்க."

மறுபடி போய்விட்டு வந்தோம். அதற்குள் ஒரு பஸ் போய்விட்டது. மதினிக்கு மூச்சு வாங்கியது. வடிவு இந்தத் தடவை கும்பிடவில்லை.

"போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "கேட்டியா கொம்பையா? வாங்கன்னு சொல்லல. சம்பந்தம் முறிஞ்சுபோச்சு."

மாடக்கண்ணுவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. மேகலிங்கம் ஓடிவந்து, "ஏட்டி, வாங்கன்னு சொல்லித் தொலை, இல்லன்னா ராத்திரிக்கும் இங்கேயேதான் இருப்பாவ" என்றார்.

வடிவு கண்ணை மூடித் திறந்தாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "இப்ப பஸ்ஸுல ஏறிப் போங்க. போயிட்டு, ஆவணி மாசம் வாங்க."

எங்களுக்கு உயிர் வந்தது. துள்ளி எழுந்து அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். கண்டக்டர் வந்தார்.

"எங்க போகணும்?"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். போகச் சொன்னாள், பஸ்ஸில் ஏறிப் போகச் சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை.

மாடக்கண்ணு எழுந்தான். அண்ணாச்சி அவனைப் பிடித்து உட்காரவைத்தார். "மாப்பிள்ளை அடிக்கடி போய் நிக்கது மரியாதை இல்ல. கொம்பையா, நீ போய்க் கேட்டுட்டு வா."

பஸ்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு நான் இறங்கி மேட்டில் ஓடினேன். வடிவு என்னைப் பார்த்ததும் பீரங்கியைப் பிடித்துக்கொண்டாள். கேட்டேன். பதில் சொன்னாள். அதே வேகத்தில் ஓடிவந்து, மூச்சிரைக்க அண்ணாச்சி காதில் அப்படியே சொன்னேன், ஒரு எழுத்துப் பிசகாமல்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. கண்டக்டரைக் கூப்பிட்டுக் கம்பீரமாகச் சொன்னார்:

"எங்க வேணாலும், நாலு டிக்கெட்."